கோல்போடா மட்டும் உயிரோடு இருந்தது

அண்ணன் மண்ணைக் கொண்டுவந்தது டிபன் கேரியரில். மேல் அடுக்கில் அண்ணி எனக்குக் கொடுத்தனுப்பிய புளிச்சோறு. கீழ் அடுக்கில் எங்கள் நிலத்து மண். சித்திரை மாதத்து உச்சி வெயிலில் மொபெட்டை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, இரண்டையும் என் சாப்பாட்டு மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சோறு உனக்கு. மண்ணு உன் மிஷினுக்கு" என்றார்.

மிஷின் என்று அவர் சொன்னது என் மைக்ராஸ்கோப்பை. காலமெல்லாம் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றபோது, உடைந்த நாற்காலிகளோடு சேர்த்துக் கழித்துக்கட்ட வைத்திருந்ததை நான் கேட்டு வாங்கி வந்தேன். தங்கச் சங்கிலி தருவதாகச் சொல்லியிருந்தாலும் அதைத்தான் வாங்கியிருப்பேன். தங்கச் சங்கிலி தருவதாக யாரும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

மண்ணை எடுத்துப் பார்த்தேன். சாம்பல் நிறம். விரலால் நசுக்கினால் உதிராமல் பிஸ்கட் மாதிரி உடைந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். மண்ணுக்கு உண்டான வாசனை கொஞ்சமும் இல்லை. துணி துவைக்கிற சோடாவின் வாடைதான் லேசாக வந்தது.

"இதுல உயிர் இருக்குதா, செத்துப்போச்சா? அத மட்டும் சொல்லு பாப்பா. மத்தத நான் பார்த்துக்கறேன்."

எனக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆனாலும் சாமுவேல் அண்ணனுக்கு நான் பாப்பாதான். அப்பா விட்டுப்போன நிலத்தில் அவர் உழுதார், நான் படித்தேன். ஆரணிக்கு வெளியே, ஏரிக் கால்வாயை ஒட்டி இருக்கிற அந்த நிலத்தில் ஒரு காலத்தில் விளைந்த பொன்னியைத்தான் நாங்கள் வருடம் முழுக்கச் சாப்பிட்டோம். இப்போது சில போகங்களாகத் தரிசு. வீட்டு மனை போடுகிற ஒருவர் வாரம் தவறாமல் வந்து, "என்னாங்க, முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆடியில் இன்னொரு முறை பயிர் வைத்துப் பார்ப்பதா, நிலத்தை விட்டுவிடுவதா என்று அண்ணனுக்குத் தெரிந்தாக வேண்டும். உழவைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர். நிலம் போனால் காலையில் எழுந்து எங்கே போவார் என்று எனக்கே தெரியவில்லை.

முந்திரிக்கொட்டையோடு ஒரு வாழ்க்கை

இந்தத் தொடரின் தொடக்கத்தில், என் ஆராய்ச்சி ஒரு 'பூச்சி'யைப் பற்றியது என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அது என்ன பூச்சி என்று போளூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பூச்சி என்று எழுதியது என் சோம்பேறித்தனம். அது பூச்சியே இல்லை. அதற்குக் காலும் கிடையாது, கண்ணும் கிடையாது. உடம்பு முழுவதும் ஒரே ஒரு செல். பெயர் கோல்போடா.

முந்திரிக்கொட்டை வடிவம். உடம்பைச் சுற்றிலும் கண் இமை மயிர் போன்ற குற்றிழைகள். அவற்றைத் துடுப்புப் போட்டுக்கொண்டு, மண் துகள்களுக்கு இடையே படிந்திருக்கிற நீரில் நீந்தும். நீர் என்றால் குளம் குட்டையைக் கற்பனை செய்யாதீர்கள். ஈரமான மண்ணைப் பிழிந்தால் கையில் ஒட்டுமே, அவ்வளவு ஈரம் அதற்குக் கடல். அந்தக் கடலில் பாக்டீரியாவை விழுங்கிக்கொண்டே போகும். தின்றதில் தனக்கு வேண்டியது போக மிச்சமான நைட்ரஜனை வெளியே விடும். அதைப் பயிரின் வேர் எடுத்துக்கொள்ளும். நாம் யூரியா மூட்டை தூக்குவதற்கு எத்தனையோ யுகம் முன்னாலிருந்து இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

மண் காயத் தொடங்கினால் கோல்போடா நீந்துவதை நிறுத்தும். உருண்டையாகச் சுருண்டு, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். அதற்குள் சாப்பாடு இல்லை, அசைவு இல்லை. வெயில் அடிக்கட்டும், காற்று தூக்கிக்கொண்டு போகட்டும், அது பாட்டுக்குக் கிடக்கும். மறுபடி நனைந்தால் சில மணி நேரத்தில் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நீந்த ஆரம்பிக்கும். பெருகுவதும் கூட்டுக்குள்தான். ஒன்றாக உள்ளே போவது பெரும்பாலும் நான்காக வெளியே வரும்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அத்தை, "பொண்ணு என்னா படிக்குது?" என்று கேட்டார். மண்ணில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றி என்று அப்பா பெருமையாகச் சொன்னார். அத்தை என் கைகளைப் பார்த்தார். "அதுங்க கைல ஒட்டிகினு வூட்டுக்கு வந்துடாதுங்களா?" என்றார். ஒட்டிக்கொண்டு வரத்தான் செய்யும் என்று நான் வாயைத் திறந்து சொன்னேன். அந்த வரன் அத்தோடு போயிற்று. பிறகு வந்தவர் அத்தையில்லாதவராக இருந்தது என் பாக்கியம்.

கால்வாயின் நிறம்

எங்கள் ஊரில் எந்த முகூர்த்தம் நெருங்குகிறது என்பதற்குக் காலண்டர் வேண்டாம். கால்வாயைப் பார்த்தால் போதும். கல்யாண மாதங்களுக்கு முன்னால் அரக்குச் சிவப்பு ஓடும். தீபாவளிக்கு முன்னால் எல்லா நிறமும் கலந்து, பெயர் சொல்ல முடியாத ஒரு நிறம் ஓடும். சாயப்பட்டறைகளின் தண்ணீர் அது.

எல்லாரும் நிறத்தைத்தான் திட்டினார்கள். எனக்குப் பயம் நிறமில்லாத தண்ணீர்மேல். பட்டுநூலில் இயற்கையாக ஒரு பிசின் உண்டு. சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை வேகவைத்து அந்தப் பிசினை எடுத்தால்தான் நூல் பளபளக்கும், சாயமும் பிடிக்கும். நூல் வேகவைத்த தண்ணீர் எங்கே போகும்? சாயம் போகிற வழியேதான் அதுவும் போகும். சோடா கலந்த தண்ணீர் வருடக்கணக்காகப் பாய்ந்தால் களிமண் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். பெய்கிற மழையும் கீழே இறங்காது. மேலே வெள்ளையாகப் பூக்கும். களர் நிலம் என்பது அதுதான்.

யாரைத் திட்டுவது? என் கல்யாணப் புடவையும் அப்படி ஒரு தொட்டியில் முங்கி எழுந்ததுதான். எங்கள் சர்ச்சில் சாயப்பட்டறைக்காரரும் கால்வாய்ப் பாசனக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள்.

"வெளக்கு எரியுது இல்ல?"

அண்ணன் கொண்டுவந்த மண்ணைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, சுத்தமான நீர் விட்டு நனைத்தேன். இதற்கு ஒரு பதம் உண்டு. நீர் மேலே நிற்கவும் கூடாது, மண் காய்ந்தும் இருக்கக் கூடாது. எண்ணெய் விட்ட இட்லிப்பொடி மாதிரி இருக்க வேண்டும். தட்டைச் சாய்த்தால் ஓரத்தில் கொஞ்சம் கசிய வேண்டும். அந்தக் கசிவைத்தான் எடுத்துப் பார்ப்பது.

மறுநாளே கோல்போடா வந்துவிட்டது. நான் தட்டை எடுத்துவைத்துவிட்டு மற்றவற்றுக்காகக் காத்திருந்தேன். நல்ல மண்ணில் முதலில் எழுவது கோல்போடா. அதன் பின்னால் ஒவ்வொன்றாக மற்ற வகைகள் வரும். அடியில் இருக்கும் முடிக்கற்றைகளைக் காலாக வைத்து நடக்கிற ஆக்சிட்ரிக்கா வரும். ஓடு சுமந்த அமீபா வரும். இவையெல்லாம் நிதானமானவை, மண்ணின் குணம் மாறினால் தாங்காதவை. வாரக்கணக்கில் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. சந்தேகத்துக்குத் தெள்ளாரில் ஒரு தோழியின் தோட்டத்து மண்ணையும் அதேபோல் நனைத்து வைத்தேன். அதில் திருவிழாக் கூட்டம்.

கோல்போடாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய கசப்பான விஷயம் ஒன்று உண்டு. எல்லாம் அழிந்த இடத்திலும் அது இருக்கும். ஆகவே ஒரு மண்ணில் அது இருக்கிறது என்பதில் மகிழ ஒன்றும் இல்லை. ஒரு மண்ணில் அது மட்டுமே இருக்கிறது என்றால் அந்த மண் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

அண்ணனை வரச்சொன்னேன். இரண்டு தட்டுகளையும் காட்டித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் முதலில் தன் இமை மயிரைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியல" என்றார். தலையைக் கொஞ்சம் பின்னால் இழுக்கச் சொன்னேன். சட்டென்று அவர் தோள் அசைந்தது.

"ஏய், ஓடிகினு இருக்குது பாப்பா! நம்ம மண்ணா இது?"

"நம்ம மண்ணுதான். ஆனா இது ஒண்ணுதாண்ணா இருக்குது. மத்தது எதுவும் இல்ல."

"எப்டி சுத்தி சுத்தி வருது பாரேன்." கண்ணை எடுக்காமலே, என்னை அண்ணிக்குப் போன் போடச்சொல்லி வாங்கிக் காதில் வைத்தார். "எஸ்தரு, உசுரு இருக்குதுடி! என் கண்ணால பார்த்துகினு இருக்கறேன்."

தெள்ளார் மண்ணைக் காட்டினேன். நடப்பதையும் ஊர்வதையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அதையும் பார்த்தார். "அதுலயும் இருக்குது, நம்மளுதுலயும் இருக்குது. நம்மளுதுல கொஞ்சம் கம்மி, அவ்ளோதான" என்றார்.

எனக்குப் பொறுமை போயிற்று. "ஒரு தெருவே வூட்டப் பூட்டிகினு போயிடுச்சு. ஒரே ஒரு வூட்ல மட்டும் வெளக்கு எரியுது. அதப் பார்த்துட்டு தெரு நல்லா இருக்குதுன்னு சொல்லுவியா நீ? இந்த மண்ணுல இப்ப எதுவும் வெளையாதுண்ணா. விட்டுடு."

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை.

"வெளக்கு எரியுது இல்ல?" என்றார்.

சாட்சி

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது, பிரசங்கம் முடிந்ததும் சாட்சி சொல்ல நேரம் கொடுப்பார்கள். காய்ச்சல் தீர்ந்தவர், பிள்ளைக்கு வேலை கிடைத்தவர், விபத்தில் தப்பியவர் எழுந்து நின்று கர்த்தர் செய்த நன்மையைச் சொல்வார்கள். அதை யாரும் குறுக்கிட்டு மறுப்பதில்லை. சொன்னவரும் பின்வாங்க முடியாது. சாட்சி சொல்லிவிட்டு மாறினவன் என்ற பெயர் வந்தால் அது கல்லறை வரைக்கும் கூட வரும்.

அன்று ஆண்கள் பக்கத்தில் அண்ணன் எழுந்து நின்றார்.

"கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம். எங்க நிலம் செத்துப்போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். எங்க பாப்பா மிஷின்ல வச்சிக் காட்டிச்சு. என் கண்ணால பார்த்தேங்க. கண்ணுக்குத் தெரியாத ஜீவனைக் கர்த்தர் அந்த மண்ணுல காப்பாத்தி வச்சிருக்கறாரு. ஆடியில நாத்து விடப்போறேன். சபையார் ஜெபிச்சுக்குங்க."

ஆமென் என்றது சபை. பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பின்பெஞ்சில் யாரோ அழுதார்கள். அதே கால்வாயை நம்பி நிலம் வைத்திருந்த இன்னொரு குடும்பத்துக்காரர் அவர். அன்றே அவரும் பயிர் வைக்க முடிவெடுத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

ஆராதனை முடிந்ததும் சாயப்பட்டறை வைத்திருக்கிற ஒருவர் என்னைத் தேடி வந்தார். சபையில் முக்கியமானவர், நல்ல மனிதர் என்றும் பெயர். "டீச்சர், மனசுல பெரிய பாரம் இறங்கிச்சுங்க. அப்போ நம்ம பட்டறைத் தண்ணியால ஒண்ணும் கெட்டுடல, இல்லீங்களா?" என்றார்.

கெட்டுவிட்டது என்று சொன்னேன். மண்ணில் மிச்சம் இருப்பது எதையும் தாங்குகிற ஒன்றே ஒன்றுதான் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். "என்னா இருந்தாலும் உயிர் இருக்குது இல்லீங்களா" என்று சொல்லிவிட்டுச் செருப்பு மாட்டப் போனார்.

போதகரிடமும் போனேன். சின்ன வயதுக்காரர். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார். "உங்க அண்ணன் விசுவாசம் பெருசுங்க டீச்சர். அத நாம ஏன் ஒடைக்கணும்?" என்றார். வேப்பமரத்தடியில் அண்ணன் கைகுலுக்கல்களுக்கு நடுவே நின்றிருந்தார். அவரைத் தனியே இழுத்தேன்.

"அண்ணா, நான் என்னா சொன்னேன்? நீ என்னா சொல்லி வச்சிருக்கற?"

"நீ சொன்னத சொன்ன. நான் பார்த்தத சொன்னேன்."

"பயிர் வைக்காதண்ணா. பேஜாராயிடும்."

"சபைக்கு முன்னாடி சொல்லியாச்சு பாப்பா. இனிமே எப்டி வைக்காம இருக்கறது?"

அறிவியலைப் பொய் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அன்று என் மைக்ராஸ்கோப்பை எல்லாரும் நம்பினார்கள். நான் சொன்னதைத்தான் யாரும் நம்பவில்லை. நம்பிக்கை வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருக்கிற ஒரு மனிதருக்கு, அசைகிற எதையும் காட்டக் கூடாது என்று அன்று தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன பயன்?

நிற்கிற தண்ணீர்

அண்ணன் நாற்றை வேறொருவர் நிலத்தில் விட்டு, ஆவணியில் பிடுங்கி வந்து நட்டார். நடவுக்குப் பெண்கள் வந்தார்கள். சேறு காலைப் பிடிக்கிற விதமே சரியில்லை, வழுக்குகிறது என்று ஒருத்தி சொன்னாள். கால்வாய்த் தண்ணீர் வயலில் நின்றது. நாள் கணக்காக நின்றது. தெளியவும் இல்லை, இறங்கவும் இல்லை. பால் அதிகமாகிப்போன டீ மாதிரி அப்படியே நின்றது.

முதலில் இலை நுனி காய்ந்தது. பிறகு பழுப்புப் புள்ளி விழுந்தது. அங்கங்கே வட்டம் வட்டமாகப் பயிர் உட்கார்ந்துவிட்டது. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் களர் மெல்ல மெல்லத் தெளியும். அண்ணன் ஜிப்சம் போட்டார். நல்ல தண்ணீருக்கு எங்கே போவார்? வடிக்கக் கட்டுகிற தண்ணீரும் அதே கால்வாயிலிருந்துதான் வந்தது. அது தீபாவளிக்கு முந்தின மாதம். பட்டறைகளில் கையொழியாத வேலை.

நான் போகும்போதெல்லாம் அண்ணன் வரப்பில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "அந்த மூலைல பச்ச திரும்புது பாரு" என்பார். பார்ப்பேன். திரும்பவில்லை. "ஆமாண்ணா" என்பேன். மாணவிகளை ஒரு தவறான லேபிளுக்கே நிற்கவைத்துத் திட்டியவள் நான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அண்ணி வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். கடையில் வாங்கிய அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் கடை அரிசியை நான் பார்த்ததில்லை. எப்போதும் என்னை வாய் நிறைய வரவேற்கிறவர், தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"ஏம்மா, உங்க மிஷின்ல தெரிஞ்சுதே, அதுங்க மட்டும் நல்லா இருக்குதுங்களா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையிலேயே கேட்டார்.

முன்பைவிட அதிகம்

கார்த்திகையில் அண்ணன் மறுபடியும் மண்ணோடு வந்தார். இந்த முறை ஒரு பிளாஸ்டிக் பையில். பட்டுப்போன பயிரை வேரோடு பிடுங்கி, வேரில் ஒட்டியிருந்த மண்ணோடு கொண்டுவந்திருந்தார். மழையில் சட்டை நனைந்திருந்தது. துண்டு கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை.

"இன்னொரு தபா பார்த்துடு."

நனைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வேரடி மண்ணைக் கொஞ்சம் கரைத்து ஒரு சொட்டு வைத்தேன். நானே முதலில் பார்த்தேன். பார்த்த பிறகு அதை அவருக்குக் காட்டாமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்று யோசித்தேன். பல்பு போய்விட்டது என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அவர் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கோல்போடா முன்பைவிட அதிகமாக இருந்தது. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நீந்தும் அளவுக்கு இருந்தது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பயிர் செத்தால் வேர் அழுகும். அழுகலில் பாக்டீரியா பெருகும். பாக்டீரியா பெருகினால் கோல்போடா கொழிக்கும். தின்றுவிட்டு நைட்ரஜனையும் வழக்கம்போல வெளியே விட்டுக்கொண்டிருக்கும். எடுத்துக்கொள்ளத்தான் உயிருள்ள வேர் ஒன்றும் இல்லை.

அண்ணன் வெகுநேரம் பார்த்தார். இந்த முறை தலையைச் சரியாகப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்குப் போய் டீ போட்டு எடுத்து வந்தேன். அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுங்களுக்கு ஒரு கொறையும் இல்ல" என்றார்.

"இல்லண்ணா."

"தண்ணிய நிறுத்திட்டா? வயலு காஞ்சிபோச்சுன்னா?"

"கூட்டுக்குள்ள போயிடும். படுத்துக்கும்."

"எத்தினி நாளு?"

பொய் சொல்லியிருக்கலாம். கோல்போடாவைப் பற்றி நான் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை, அந்தப் பழக்கம் என்னைக் காப்பாற்றவில்லை.

"வருஷக் கணக்குல இருக்கும்ணா. பத்து, இருவது வருஷம் கூட அப்டியே கெடக்கும். அப்புறம் எப்பனா நல்ல மழ பெஞ்சா எழுந்திருக்கும். மண்ணு தெளிஞ்சிருந்தா மத்ததும் ஒவ்வொண்ணா திரும்பி வரும். எல்லாம் வரும். நாளாகும், அவ்ளோதான்."

அண்ணன் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் ஒரே கண்ணால் பார்த்தால் யாருக்கும் நீர் வரும்.

"எனக்கு அவ்ளோ நாளு இல்லியே, பாப்பா" என்றார்.

டீ ஆறிவிட்டிருந்தது. அதை அப்படியே ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். வீட்டு மனை போடுகிறவரின் நம்பர் போனில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று தேட அவருக்குத் தெரியவில்லை. நான்தான் தேடிப் போட்டுக் கொடுத்தேன்.